தமிழ் காஸ்டிங்கை நம்பி வேலையை விடலாமா?

டோல்கேட்_தினேஷ்:

எல்லாருக்கும் வணக்கம். வீடு வட சென்னை டோல்கேட், வயது 23. பி.காம் முடித்துவிட்டு மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் டாக்குமென்ட் வேலை பார்க்கிறேன். பிடித்தம் போகக் கைக்கு 16,500 வருகிறது. மாதத்தில் பாதி நாள் நைட் ஷிஃப்ட்.

ரெண்டு வருடமாக பிஜிஎம்ஐ (போனில் ஆடும் துப்பாக்கிச் சண்டை கேம்) கஸ்டம் ரூம்களுக்கு, அதாவது ஆட்களைச் சேர்த்துத் தனியாக நடத்தும் மேட்ச்களுக்கு, தமிழில் காஸ்டிங், அதாவது நேரலை வர்ணனை பண்ணுகிறேன். எல்லாம் சின்ன ரூம்தான். பரிசே மூவாயிரம், ஐயாயிரம் இருக்கும். எனக்குப் பெரும்பாலும் ஓசி வேலை, மனசு வந்தால் ஜிபேயில் 300 போடுவார்கள். போன மாதம் ஒரு காலேஜ் டோர்னமென்டுக்குப் பேசியதைக் கேட்டுவிட்டு ஒரு ஆர்கனைஸர் கூப்பிட்டார். நாளுக்கு 1,200 தருகிறேன், மாதம் பத்துப் பதினைந்து நாள் வேலை இருக்கும் என்கிறார். எழுத்தில் எதுவும் இல்லை, வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட் மட்டும்.

பதினைந்து நாள் வந்தால் 18,000. இப்போது வாங்குவதைவிடக் கொஞ்சம் அதிகம். ஆனால் மேட்ச் எல்லாம் சாயங்காலம் தொடங்கி ராத்திரி வரை போகும், ஷிஃப்டோடு ஒத்துவராது. ஒன்றை விட்டால்தான் இன்னொன்று.

அம்மாவிடம் சொன்னேன். "ஆடுறவனுக்குப் பரிசு குடுக்கறாங்க, சரி. பாத்துச் சொல்றவனுக்கு யாருடா குடுப்பா?" என்று கேட்டார். என்ன சொல்வதென்று தெரியாமல் சாப்பிட்டு எழுந்துவிட்டேன்.

இதை மட்டும் வைத்துக் குடும்பம் நடத்துகிறவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? இங்கிலீஷ் வராவிட்டால் மேலே போக முடியாதா? அப்புறம் இன்னொரு பிரச்சினை, வீடு மெயின் ரோட்டில். டிரெய்லர் லாரி போகும்போது மைக்கில் அப்படியே விழுகிறது.

எர்ணாவூர்_ராஜா:

விடாதே.

நானும் காஸ்டராக இருந்தவன்தான். 2020 செப்டம்பர் 2-ம் தேதி சாயங்காலம் பப்ஜி மொபைலுக்குத் தடை என்று செய்தி வந்தது. அந்த வாரம் பேசியிருந்த எல்லா வேலையும் போச்சு. அடுத்த வருடம் ஜூலையில் பிஜிஎம்ஐ என்று பேரை மாற்றிக்கொண்டு வந்தது, சரி என்று திரும்பப் போனேன். 2022 ஜூலை கடைசியில் அதையும் ஸ்டோரிலிருந்து தூக்கிவிட்டார்கள். 2023 மே வரை கிடையாது. ஃப்ரீ ஃபயர் பக்கம் போகலாம் என்றால் அது 2022 பிப்ரவரியிலேயே தடை லிஸ்டில் போயிருந்தது, அதன் இன்னொரு வடிவமான மேக்ஸ் மட்டும் ஓடியது. நாம் என்ன நன்றாகப் பேசினாலும் டெல்லியில் ஒரு உத்தரவு போட்டால் மறுநாள் பேச ஆட்டமே இருக்காது. யார்டு வேலையை யாரும் ஆப் ஸ்டோரிலிருந்து தூக்க முடியாது.

இப்போது வீடியோ எடிட்டிங் பண்ணிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறேன்.

வியாசர்பாடி_மைக்:

ராஜா சொன்ன தேதியெல்லாம் சரி. நானும் அந்தப் பக்கம் இருந்து பார்த்தவன். ஆனால் "விடாதே" என்பதோடு நிறுத்தினால் தம்பிக்கு ஒன்றும் விளங்காது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அம்மா கேட்ட கேள்வி. இந்தத் தொழிலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். அந்தக் காலத்தில் அப்துல் ஜப்பார் ரேடியோவில் தமிழில் கிரிக்கெட் சொன்னபோது, டீக்கடையில் நின்று கேட்டவர்களா அவருக்குக் காசு கொடுத்தார்கள்? நிலையம் கொடுத்தது. இங்கேயும் அதே கதை. பார்க்கிறவன் உனக்குக் கொடுக்க மாட்டான். கேம் கம்பெனியோ, போன் கம்பெனியோ, குளிர்பானக் கம்பெனியோ ஆர்கனைஸரிடம் ஒரு தொகை கொடுக்கும். அவர் அதில் பரிசு, ஸ்டூடியோ, புரொடக்‌ஷன் எல்லாம் பார்த்து, மிச்சத்தில் 'டாலன்ட்' என்று ஒரு வரி எழுதுவார். அந்த வரியில்தான் நாம் இருக்கிறோம்.

இதில் ரெண்டு விஷயத்தைப் புரிந்துகொள்.

ஒன்று, சேனல் உன்னுடையது இல்லை. நீ தொண்டை கட்டக் கத்தி ஒரு லட்சம் பேர் பார்த்தாலும் அந்த சப்ஸ்கிரைபரும் விளம்பரக் காசும் ஆர்கனைஸர் சேனலுக்குத்தான். உனக்கு அன்றைய கூலி. சொந்த சேனலில் விளம்பர வருமானம் வேண்டுமென்றால் யூடியூபில் 1,000 சப்ஸ்கிரைபரும், 12 மாதத்துக்குள் 4,000 மணி நேரம் பார்த்த கணக்கும் வேண்டும். 500 சப்ஸ்கிரைபரில் சூப்பர் சாட், மெம்பர்ஷிப் மட்டும் திறக்கும், அதற்கும் 3,000 மணி நேரம் வேண்டும். நீ கூலிக்குப் பேசுகிற நேரம் எதுவும் இந்தக் கணக்கில் சேராது. அதனால் ஆர்கனைஸர் அனுமதி கொடுக்கிற இடத்தில் உன் சேனலில் வாட்ச் பார்ட்டி (அந்த மேட்சை ஓட்டிக்கொண்டே நீ பேசுவது) போடு. அனுமதி இல்லாமல் மேட்ச் வீடியோவை எடுத்துப் போட்டால் காப்புரிமை ஸ்ட்ரைக் வரும், அதைச் செய்யாதே.

ரெண்டாவது, யாரும் வெளியே சொல்லாத விஷயம். பெரிய டோர்னமென்டில் இந்தி, இங்கிலீஷ் ஸ்ட்ரீம்தான் மெயின். தமிழ், தெலுங்கு, மலையாளம் எல்லாம் ஸ்பான்சர் சந்தோஷமாக இருக்கிற வருடத்தில் சேர்ப்பது. பட்ஜெட் இறுகினால் முதல் வெட்டு நமக்கு. ஸ்கைஸ்போர்ட்ஸ் மாதிரி சென்னையிலேயே இருந்து நடத்துகிறவர்கள் தமிழுக்கு மைக் கொடுத்ததால்தான் எங்களைப் போன்றவர்களுக்கு இது தொழில் என்றே தெரிய வந்தது. ஆனால் ஆள் நல்லவரா கெட்டவரா என்பது இங்கே பேச்சே இல்லை, காசு இருந்தால்தான் எந்த ஆர்கனைஸரும் நாலு மொழி ஓட்ட முடியும். தமிழ் காஸ்டர் மட்டும் என்று நீ உட்கார்ந்திருந்தால், உன் வேலை நன்றாக இருப்பதால் வராது, நன்றாக இல்லாததால் போகவும் போகாது. யாரோ ஒருத்தருடைய எக்செல் ஷீட்டில் ஒரு வரியை அழித்தால் போய்விடும்.

இப்போது உன் 1,200. ஆரம்பிக்கிறவனுக்கு அது மோசமில்லை. நான் தொடங்கியபோது 500 வாங்கினேன். ஆனால் 'நாள்' என்றால் என்ன என்று கேட்டாயா? ஒரு மேட்ச் அரை மணி நேரம், ஒரு நாளைக்கு ஐந்து ஆறு மேட்ச். கணக்குக்கு மூன்று மணி நேரம் மாதிரி தெரியும். நடுவில் ரூம் போடுவது, ஏதோ ஒரு டீமுக்கு நெட் போவது, ரீமேட்ச், பாயின்ட் டேபிள் சரி பார்ப்பது. அதற்கு முன்னால் சவுண்டு செக்குக்கு ரெண்டு மணி நேரம் முன்பே உட்காரவைப்பார்கள். எல்லாம் சேர்ந்து ஏழு எட்டு மணி நேரம் ஆகும். நாலு மணிக்குத் தொடங்கி ராத்திரி பதினொன்றுக்கு ஹெட்செட்டைக் கழற்றும்போது காது சூடாக இருக்கும்.

"பத்துப் பதினைந்து நாள்" என்பது எல்லாரும் சொல்வது. வேலை அப்படிச் சீராக வராது. ஒரு டோர்னமென்ட் வந்தால் பத்து நாள் சேர்ந்தாற்போல் வரும், அப்புறம் மூன்று வாரம் போன் அடிக்காது. எனக்கு நல்ல மாதத்தில் காஸ்டிங்கில் மட்டும் முப்பதாயிரம் தாண்டியிருக்கிறது. அடுத்த மாதமே நாலாயிரம். காசும் மேட்ச் முடிந்ததும் கையில் வராது. நாற்பத்தைந்து நாள், அறுபது நாள் என்பார்கள். ஒரு ஆர்கனைஸர், பேர் வேண்டாம், ஸ்பான்சர் பணம் வரவில்லை என்று சொல்லியே நாலு மாதம் ஓட்டினார். கேட்கப் போனால் "ஃபேமிலி மாதிரி பழகிட்டோமே ப்ரோ" என்றார். ஃபேமிலிக்கு வீட்டு வாடகை கிடையாதா?

அப்புறம் நான் எப்படி ஓட்டுகிறேன்? மைக் ஒன்றுதான், கடை நாலு. நான் காஸ்டிங்குக்கு வந்ததே முல்லை நகர் மைதானத்தில் கால்பந்துக்கு மைக் பிடித்துத்தான். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட் என்றால் கூப்பிடுவார்கள். டென்னிஸ் பால் கிரிக்கெட், ஸ்கூல் ஆண்டு விழா, கேரம் பரிசளிப்பு எல்லாவற்றுக்கும் போகிறேன். (2024-ல் நம்ம காசிமா அமெரிக்கா போய் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்தபிறகு கேரம் மேடைக்கு ஒரு தனி மரியாதை. ஆனால் ஃபைனல் நடக்கும்போது மைக்கில் வாயைத் திறந்தால் ஸ்ட்ரைக்கராலேயே அடிப்பார்கள். ஆட்டம் முடிந்த பிறகுதான் நம் வேலை.) இதைவிட நல்ல காசு எம்.சி. ரோட்டில். ஆடி மாதம் ஜவுளிக்கடை வாசலில் ஸ்பீக்கரில் திரும்பத் திரும்ப ஓடுமே, "வாங்கம்மா வாங்க" என்று, அதில் மூன்று கடைக்கு என் குரல். ஒரு மணி நேரத்தில் ரெக்கார்ட் முடிந்துவிடும், கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்து அன்றைக்கே கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடுவார். இ-ஸ்போர்ட்ஸ் (இந்த கேம் போட்டிகள்) எனக்குப் பேர் கொடுத்தது, அதை ஒத்துக்கொள்கிறேன். வாடகை கொடுத்தது என்னவோ ஆடித் தள்ளுபடி.

காஸ்டிங் வேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உன் காலேஜ் வீடியோ மாதிரி நிறையக் கேட்கிறேன். ஆடும் இடம் சுருங்கி, மிச்சம் இருக்கிறவர்கள் மோதுகிற கடைசி ஜோனில் எல்லாரும் நன்றாகத்தான் கத்துகிறார்கள். அதற்கு யாரும் காசு கொடுப்பதில்லை. 16 ஸ்குவாட் (நாலு பேர் டீம்), 64 பேர் எராங்கல் மேப்பில் குதித்து முதல் பத்து நிமிடம் லூட் (துப்பாக்கி, தோட்டா மாதிரிப் பொருள்கள்) எடுத்துக்கொண்டிருப்பார்களே, அந்த நேரத்தில் நீ என்ன பேசுகிறாய் என்பதைத்தான் ஆர்கனைஸர் கேட்பார். மைதானத்தில் பந்து சுவர் தாண்டிப் போய்விட்டால் பையன் ஏறி எடுத்து வரும்வரை கூட்டத்தைப் பேச்சில் பிடித்து வைக்க வேண்டும். அந்தப் பழக்கம்தான் எனக்கு இங்கே சோறு போடுகிறது. எந்த டீம் எத்தனை பாயின்டில் இருக்கிறது, இந்த மேட்சில் யார் எத்தனையாவது வந்தால் யாரைத் தாண்டுவார்கள் என்பது நாக்கு நுனியில் இருக்க வேண்டும். முதல் இடத்துக்கு 10, அப்புறம் 6, 5, 4, 3, 2, ஏழு எட்டாம் இடத்துக்கு ஒவ்வொன்று, வீழ்த்துகிற ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பாயின்ட். இதை வைத்து லூட் நேரத்திலேயே ஒரு கதையைத் தொடங்கலாம். "இவர்களுக்கு எட்டு பாயின்ட் போதும், அதனால் சண்டைக்குப் போக மாட்டார்கள், பார்த்துக்கொண்டே இருங்கள்" என்று நீ சொல்லி, அவர்கள் மேப்பில் இருக்கிற பொச்சிங்கி ஊரைச் சுற்றிக்கொண்டு ஒதுங்கிப் போனால், கேட்கிறவன் உன்னை நம்ப ஆரம்பிப்பான்.

கடைசி ஜோனிலும் ஒன்று. மூன்று டீம், ஏழு பேர் மிச்சம், கேமரா ஒரு மரத்துக்குப் பின்னால் இருக்கிறவன் மேல் நிற்கிறது, கில் ஃபீடில் (யார் யாரை வீழ்த்தினார் என்று திரையில் ஓடும் வரிகளில்) வேறு இருவர் விழுகிறார்கள். நீ கேமராவைச் சொல்வாயா, ஃபீடைச் சொல்வாயா? நான் கேட்கிற புதுப் பையன்களில் முக்கால்வாசிப் பேர் ரெண்டையும் சேர்த்துச் சொல்லப்போய்ப் பேரை மாற்றிச் சொல்லிவிடுகிறார்கள். மரத்துக்குப் பின்னால் இருக்கிறவனை விட்டுவிடு, அவன் எங்கேயும் போக மாட்டான். விழுந்த டீமின் பேரை மட்டும் சொல், இப்போது யாரோடு யார் மோதுகிறார்கள் என்று ஒரே வரியில் சொல், பிறகு கேமராவுக்கு வா. பக்கத்தில் ஆட்டத்தை அலசுகிற அனலிஸ்ட் இருந்தால் அவன் பேச்சுக்குள் புகாதே. ரெண்டு பேர் ஒரே நேரத்தில் கத்துவது உற்சாகம் என்று நினைக்கிறார்கள், வீட்டில் கேட்கிறவனுக்கு அது சண்டை.

லாரி சத்தத்துக்கு அடுத்து எழுதுகிறேன், மேட்ச் நேரம் ஆகிவிட்டது.

ராயபுரம்_நிஷா:

மைக் அண்ணா சொன்னதில் ஒரு விஷயம் விட்டுப்போச்சு, அது என் விஷயம் என்பதால் சொல்கிறேன். நான் அப்சர்வர். கல்மண்டபம் பக்கம் வீடு, பிஜிஎம்ஐயும், கம்ப்யூட்டரில் ஐந்துக்கு ஐந்து பேராக ஆடும் வேலரண்டும் பண்ணுகிறேன்.

ஸ்ட்ரீமில் யார் மேல் கேமரா போகிறது என்று முடிவு பண்ணுவது நாங்கள்தான். பிஜிஎம்ஐயில் மேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, எந்த ரெண்டு ஸ்குவாட் நெருங்குகிறது என்று பார்த்து, முதல் தோட்டா பறக்கும் முன்னே அங்கே போய் நிற்க வேண்டும். சத்தம் கேட்ட பிறகு போனால் செத்தவனின் பெட்டியைத்தான் காட்டலாம். வேலரண்டில் பத்துப் பேர்தான், ஆனால் மூச்சுவிட நேரம் இருக்காது. ஸ்பைக் (குண்டு) வைத்த பிறகு வெடிக்க 45 வினாடி, அதை டிஃப்யூஸ் பண்ண (செயலிழக்க வைக்க) 7 வினாடி. அதற்குள் யார் எந்தக் கோணத்திலிருந்து வருவான் என்று யோசித்துக் கேமராவை மாற்ற வேண்டும்.

தினேஷ் கவனிக்க வேண்டியது இதுதான். இந்தி ஸ்ட்ரீமுக்கும் தமிழ் ஸ்ட்ரீமுக்கும் படம் ஒன்றே, குரல்தான் வேறு. தமிழ் ஸ்ட்ரீமை வெட்டினால் அண்ணா வீட்டுக்குப் போவார், நான் போக மாட்டேன். ஆட்டம் நடந்தால் அப்சர்வர் வேண்டும். எனக்கு மாதத்தில் வருகிற நாள் எங்கள் தமிழ் காஸ்டர்களைவிட அதிகம். பேர் யாருக்கும் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஸ்ட்ரீமின் லைவ் சாட்டில் பெண்களைப் பற்றி வருவதைப் படித்தவர்களுக்கு நான் ஏன் மைக் பக்கம் போகவில்லை என்று புரியும்.

காஸ்டிங்கை விடச் சொல்லவில்லை. கூடவே இதையும் கற்றுக்கொள், ஓவர்லே (படத்தின் மேல் வருகிற பாயின்ட், பேர் எல்லாம்) மாற்ற, ரீப்ளே வெட்ட, ஸ்ட்ரீம் ஓட்டுகிற ஓபிஎஸ் சாஃப்ட்வேரில் சீன் போட. சின்ன ரூமுக்கு ஒரே ஆள் பேசிக்கொண்டே அப்சர்வும் பண்ணினால் ஆர்கனைஸருக்கு ஒரு ஆள் கூலி மிச்சம், அதில் பாதியை நீ கேட்கலாம். இன்னொன்று, நேரலையில் "அப்சர்வர், அந்தப் பக்கம் போங்க" என்று சொல்லாதே. அதற்குத்தான் தனி டாக்பேக் (பார்க்கிறவர்களுக்குக் கேட்காத உள் லைன்) இருக்கிறது. ஒருமுறை ஒரு காஸ்டர் அதை நாலு தடவை சொன்னார், ஐந்தாவது தடவை வேண்டுமென்றே அரை நிமிடம் ஒரு மாட்டுக்கொட்டகையைக் காட்டினேன்.

எர்ணாவூர்_ராஜா:

மாட்டுக்கொட்டகை நிஷா நீதானா. நான் அந்த ஸ்ட்ரீமைப் பார்த்தேன்.

தம்பி, இதையும் குறித்துக்கொள். 2025 ஆகஸ்டில் மத்திய அரசு ஆன்லைன் கேமுக்குச் சட்டம் கொண்டு வந்தது. காசு கட்டி ஆடும் ரம்மி, ஃபேன்டஸி எல்லாம் தடை, இ-ஸ்போர்ட்ஸ் மட்டும் தனியாக அங்கீகாரம். நமக்கு நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அந்தக் கம்பெனிகள் கொட்டிய விளம்பரக் காசும் அதோடு போச்சு. இன்னமும் சில ஆர்கனைஸர் வெளிநாட்டு பெட்டிங் சைட்டை "ஸ்பான்சர் லைன், ரெண்டு வரிதான்" என்று வாசிக்கச் சொல்வான். அப்படி விளம்பரம் பண்ணினாலே ரெண்டு வருடம் வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது. 1,200 ரூபாய்க்கு அதை வாசிக்காதே.

டோல்கேட்_தினேஷ்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மைக் அண்ணா, அந்த கில் ஃபீடு விஷயம் என்னைப் பற்றியே எழுதியது மாதிரி இருந்தது.

நிஷா அக்கா, என்னிடம் இருப்பது பழைய லேப்டாப். பேசுவதற்குத் தாங்கும், ஸ்ட்ரீம் ஓட்டினால் ஃபேன் ஹெலிகாப்டர் சத்தம் போடும். அதில் அப்சர்விங் கற்றுக்கொள்ள முடியுமா? அண்ணா, லாரி பற்றிச் சொல்கிறேன் என்றீர்கள், இங்கிலீஷ் பற்றியும் சொல்லுங்கள். அப்புறம் ஆர்கனைஸரிடம் என்ன கேட்பது? அதிகம் கேட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வாரோ என்று பயமாக இருக்கிறது.

வியாசர்பாடி_மைக்:

இங்கிலீஷ்: பேச வேண்டாம், புரிந்தால் போதும். ரூல் புக், ரன்டவுன் (நிகழ்ச்சி வரிசை), டாக்பேக்கில் புரொடியூசர் சொல்வது எல்லாம் இங்கிலீஷிலோ இந்தியிலோதான் வரும். "முப்பது செகண்டில் பிரேக்" என்று காதில் சொல்லும்போது நீ வாயில் தமிழ் பேசிக்கொண்டே அதைப் பிடிக்க வேண்டும். அது பழக்கம்தான், ரெண்டு மாதத்தில் வரும்.

சத்தம்: என் வீடு ஜீவா ஸ்டேஷன் பக்கம். அரக்கோணம் லோக்கல் ஹாரன் அடித்தால் பாத்திரம் அதிரும், ஆனால் ஸ்ட்ரீமில் கேட்காது. கன்டென்சர் மைக் வாங்காதே, அது தெரு முழுக்க இழுக்கும். டைனமிக் மைக் வாங்கு, வாய்க்கு நாலு விரல் தூரத்தில் வைத்துப் பேசு, கெயினைக் குறை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட் ஹேண்ட் கிடைக்கும், கடையிலேயே செருகிப் பேசிப் பார்த்து வாங்கு. பீரோவைத் திறந்து வைத்து, அதற்கு எதிரே உட்கார்ந்து பேசு. உள்ளே தொங்குகிற துணி எதிரொலியை வாங்கிக்கொள்ளும். அம்மாவிடம் குக்கரை மட்டும் எட்டு மணிக்குள் முடித்துவிடச் சொல். ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ், போன் ஹாட்ஸ்பாட் தயாராக இருக்கட்டும். கரன்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடும், ரவுட்டர் அணைந்துவிடும். வேலை போவது அங்கேதான்.

ஆர்கனைஸரிடம் கேட்பது: பயப்படாதே, இதையெல்லாம் கேட்கிறவனைத்தான் தொழில்காரன் என்று நினைப்பார்கள். எந்தெந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, மேட்ச் ரத்தானால் பாதிக் கூலியாவது உண்டா, காசு எத்தனை நாளில். வாய்ஸ் நோட்டை அழிக்காதே, ஆனால் அதை நம்பாதே. நீ பேசியதைச் சுருக்கி வாட்ஸ்அப்பிலேயே எழுதி அனுப்பு, "சரி" என்று அவர் ஒரு பதில் போட்டால் போதும். புது ஆர்கனைஸர் என்றால் பாதி முன்பணம் கேள்.

வேலையை இப்போதே விட வேண்டாம். யார்டில் டே ஷிஃப்ட் நிரந்தரமாகக் கேட்டுப் பார். ஐந்து மணிக்கு வெளியே வந்தால், சவுண்டு செக் நேரத்தை மட்டும் முன்பே பேசிக்கொண்டு, ஆறு மணி மேட்சுக்கு உட்காரலாம். பகல் டோர்னமென்ட் வந்தால் மட்டும் லீவு. ஆறு மாதச் சாப்பாட்டுக் காசு வங்கியில் சேர்ந்து, மூன்று வேறு வேறு இடத்திலிருந்து உன்னைத் திரும்பக் கூப்பிட்டால் அப்புறம் பேசலாம். ஒரே ஆர்கனைஸர் பதினைந்து நாள் கொடுப்பதைவிட மூன்று பேர் நாலு நாலு நாள் கொடுப்பது பாதுகாப்பு. 2025 முதலமைச்சர் கோப்பையில் இ-ஸ்போர்ட்ஸும் இருந்தது, காலேஜ்களும் நடத்துகின்றன. அங்கேயெல்லாம் தமிழ் மைக் வேண்டும், ஸ்பான்சர் ஷீட்டைப் பார்த்து வெட்ட மாட்டார்கள்.

ராயபுரம்_நிஷா:

அந்த லேப்டாப்பில் வேலரண்ட் வேண்டாம். பிஜிஎம்ஐக்கு போன் போதும், நீ போகிற கஸ்டம் ரூமிலேயே ஸ்பெக்டேட்டராகச் சேரு. பேசாமல், ரெக்கார்ட் மட்டும் போட்டு, முழு மேட்ச் அப்சர்வ் பண்ணு. மறுநாள் பார்த்தால் எத்தனை சண்டைக்கு லேட்டாகப் போனாய் என்று உனக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஸ்க்ரிம்ஸ் (பயிற்சி மேட்ச்) இருக்கிறது, டிஸ்கார்டில் வா, டாக்பேக்கில் உட்காரவைக்கிறேன்.

பழைய_வண்ணை_கணக்கர்:

கேம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, என் பையன் பார்ப்பான். கணக்கு மட்டும் சொல்கிறேன். கம்பெனியாக இருக்கிற ஆர்கனைஸர்கள் தொழில்முறைக் கட்டணத்துக்கு 10 சதவீதம் டிடிஎஸ் (கொடுக்கும்போதே பிடிக்கிற வருமான வரி) பிடிப்பது வழக்கம். அது போன காசு இல்லை. உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பாருங்கள், வருமானம் வரி எல்லைக்குள் இல்லையென்றால் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம். இந்தப் பையன்கள் நிறையப் பேர் ரிட்டர்னே போடாமல் விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு வேலைக்கும் எண் போட்டு ஒரு பக்க இன்வாய்ஸ் அனுப்புங்கள். இன்வாய்ஸ் இருந்தால் காசு கேட்கவும் வசதி.

டோல்கேட்_தினேஷ்:

சூப்பர்வைசரிடம் டே ஷிஃப்ட் கேட்டேன், அடுத்த மாதத்திலிருந்து பார்க்கிறேன் என்றார். ஆர்கனைஸருக்கு அண்ணா சொன்னதையெல்லாம் எழுதி அனுப்பிவிட்டேன். தேதி, நேரம் எல்லாம் உடனே அனுப்பினார். பாதி முன்பணத்துக்கு மட்டும் "பார்க்கலாம் ப்ரோ" என்று போட்டிருக்கிறார்.

எர்ணாவூர்_ராஜா:

"பார்க்கலாம் ப்ரோ" என்றால் வராது.

வியாசர்பாடி_மைக்:

வரும், பாதியில் பாதி வரும். முதல் ரெண்டு நாளுக்குப் பேசு, அந்தக் காசு வந்ததும் மூன்றாவது நாளுக்கு உட்கார். அதுவரைக்கும் காலேஜ் மேட்சிலிருந்து மூன்று நிமிடம் வெட்டி எனக்கு அனுப்பு. கடைசி ஜோன் வேண்டாம், லூட் நேரத்தில் நீ பேசியது வேண்டும்.